ஆறு சால் நெல்லும் ஒரு டச்சு வினைச்சொல்லும்

முதல் சாலில் இறங்கும்போது "இக் வஹ்த்." நான் காத்திருக்கிறேன்.

கால் கட்டைவிரலை நெல்லுக்குள் அழுத்தி, பாதத்தைத் தூக்காமல், களத்தின் அந்தக் கோடி வரைக்கும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். அடியில் கிடக்கிற ஈர நெல் மேலே வரும். மேலே காய்ந்தது கீழே போகும். கோடியில் திரும்பினால் இரண்டாவது சால். "யெய் வஹ்த்." நீ காத்திருக்கிறாய். மூன்றாவது சாலில் "ஹெய் வஹ்த்." அவன் காத்திருக்கிறான். அவனாவது, காத்திருக்கிறதாவது!

நாலாவது சாலிலிருந்து பன்மை. "வெய் வஹ்தன்" என்றால் நாங்கள். "யுல்லி வஹ்தன்" என்றால் நீங்கள் எல்லாரும். "ஸெய் வஹ்தன்" என்றால் அவர்கள். ஆறு சால் முடிந்தால் ஒரு வினைச்சொல் முடிந்தது, களமும் ஒரு தடவை கிண்டியாயிற்று. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் முதல் சால்.

இது நடந்தது எங்கள் ஊருக்குப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தில், ஒரு குறுவை அறுப்புக்குப் பிறகு. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ரொம்ப நாள் ஆகவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். எல்லாக் குறுவையும் எனக்கு ஒரே குறுவையாகத்தான் தெரிகிறது. தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே சுடுகிற நெல், பிடரியில் சுணை. எனக்கு வயது நாற்பத்து நாலு. முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவுகிற வயதில் நான் டச்சு படித்துக்கொண்டிருந்தேன்.

தேர்வில் இரண்டு முறை தோற்றேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். "மூன்றாவது முறையாவது தேறினீர்களா அம்மா?" என்று முத்துப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தேறினேன் ஐயா. சஸ்பென்ஸ் வைத்து எழுதுகிற தெம்பெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் இந்த வாரம் சொல்ல வந்தது தேறிய கதை இல்லை. நான் அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது இங்கே களத்தில் என்ன நடந்தது என்ற கதை.

அடுப்படியிலிருந்து வந்த சொல்

முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்கு நாலு வரி. என் வீட்டுக்காரர் நெதர்லாந்தில், ரோட்டர்டாமில், ஓர் இந்திய உணவகத்தில் சமையல்காரர். போய்ப் பதினோரு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார், ஒரு மாதம் இருப்பார். இந்தத் தொடரில் அவர் பெயரை ஏன் எழுதுவதில்லை என்று கேட்கிறார்கள். பழைய காலத்து மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். கோபம்தான்.

ஆரம்பத்தில் நானும் கூடப் போயிருக்கலாம். மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார். அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஒன்பது வருஷம் ஓடியது. பிள்ளைக்காகவும் ஒரு காலத்தில் காத்திருந்தோம். அது வரவில்லை. அதை முன்பே எழுதிவிட்டேன், திரும்ப எழுதத் தெம்பில்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு "இப்ப வந்துடேன்" என்றார் இவர். அதற்குள் இவர் அந்த ஊர்க் குடிமகன் ஆகியிருந்தார். குடிமகனின் மனைவி வர வேண்டுமென்றால் அவர்கள் மொழியில் தேர்வு எழுதித் தேற வேண்டுமாம். பதினோரு வருஷம் நான் இங்கே எழுதியதெல்லாம் தேர்வில் சேராது போலிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். புத்தகத்தைத் திறக்கிறதற்குப் பல வருஷம் முன்பே எனக்கு ஒரு டச்சு வார்த்தை தெரியும். "ஏவன் வஹ்தன்."

நான் போன் செய்கிற நேரம் அவருக்கு அடுப்படி நேரமாக இருக்கும். "சொல்லு" என்பார். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் யாரோ கூப்பிடுவார்கள். "ஏவன் வஹ்தன்" என்று சொல்லிவிட்டுப் போனை எங்கேயாவது வைத்துவிடுவார். அந்த ஊர் முதலாளியிடமும், தட்டு கேட்கிற பையன்களிடமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்ட வார்த்தை. என்னிடமும் அதுவே வரும். கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

போனை அணைக்க மாட்டார். அதனால் அந்த அடுப்படி முழுவதும் என் காதுக்குள் வந்துவிடும். எண்ணெய் காய்கிற சத்தம், கரண்டி தட்டுகிற சத்தம், தண்ணீர் விழுகிற சத்தம், யாரோ சிரிக்கிறது. பத்து நிமிஷம், கால் மணி நேரம். சில நாள் என்னையே மறந்துவிடுவார். பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட நானாகப் போனை வைத்ததில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வைத்துத் தொலைத்திருக்கலாம்.

ஆகவே இணையத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த பெண் முதல் வாரம் "உங்களுக்கு எந்த வினைச்சொல்லில் தொடங்கலாம்?" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "வஹ்தன்" என்றேன். அவளுக்கு ஆச்சரியம். "இரு, போ, வா என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள்" என்றாள். எல்லாரும் தொடங்கட்டுமே.

இரண்டு தோல்வி, சுருக்கமாக

தேர்வுக்கு மும்பைக்குப் போக வேண்டும். ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், காதில் மாட்டுகிற கருவி. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேள்வி கேட்கும், நாம் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

முதல் முறை அந்த அம்மாள் கேட்டாள். பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன். முடித்தாள். இன்னும் ஏதாவது சொல்வாளோ, குறுக்கே பேசினால் நன்றாக இருக்காதே என்று கொஞ்சம் தாமதித்தேன். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் இப்படியே. பெரியவர்கள் பேசும்போது இடையில் புகக் கூடாது என்று வளர்த்தது தப்பாகப் போயிற்று. காத்திருந்தே தோற்றேன்.

இரண்டாவது முறை உடனே உடனே பதில் சொன்னேன். ஆனால் பாதிக் கேள்விக்கு "ம்" என்று தலையை ஆட்டியிருக்கிறேன். ஆட்டிவிட்டுப் பதில் சொன்ன திருப்தியோடு உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டருக்கு என் தலை தெரியுமா? வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. "ஒனக்கு மண்டையில என்னதான் இருக்கு?" என்று போனில் கத்தினார் வீட்டுக்காரர். எனக்கும் அதே சந்தேகம்தான்.

மூன்றாவது முறைக்குத் தேதி கிடைத்தது. கிடைத்த தேதி குறுவை அறுப்புக்கு நடுவில் வந்து நின்றது.

பக்கத்துக் குவியல்

கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வாங்கி, களத்தில் நெல்லைக் கொட்டி, ஈரம் அவர்கள் சொல்லும் அளவுக்குக் குறைகிற வரைக்கும் காய வைத்துக்கொண்டு, நம் முறை வரும் வரைக்கும் நெல்லுக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். அந்தத் தடவை சாக்கு வரவில்லை. சாக்கு வந்தபோது லாரி வரவில்லை. நான் மும்பைக்குக் கிளம்புகிற வரைக்குமே எட்டு நாள் ஆயிற்று. என் இடம் சிமெண்டுக் களத்தின் கடைசி ஓரம். அதற்கப்புறம் மண் தரை. அந்த மண் தரையில் இன்னொருவரின் குவியல். யாருடையது என்று பார்த்தால் அஞ்சலை அக்கா.

அட கடவுளே என்றிருந்தது.

அஞ்சலை அக்காவும் நானும் பேசி நாலு வருஷம். எங்கள் வயலும் அவர் குத்தகைக்கு எடுத்த வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறவை. ஒரு கோடையில் தண்ணீர் சுருங்கிய நேரம். முறை என்னுடையது என்று நான் மடையைத் திறந்தேன். தன்னுடையது என்று அவர் மண்ணைப் போட்டு அடைத்தார். வாய்க்கால் கரையில் நின்று ஆளுக்கு ஆள் கத்தினோம். கடைசியில் நான் சொன்னேன்: "நேத்து வரைக்கும் எங்க வயல்ல கூலிக்கு நாத்து நட்டுக்கிட்டு இருந்துட்டு, இன்னைக்கு எனக்கே மடை அடைக்கிறியா?"

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து போன பிறகு என்ன செய்வது? அக்கா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் பதிலுக்கு நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அச்சில் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த அக்காவின் குவியலுக்கும் என் குவியலுக்கும் நடுவே இரண்டு முழம். மூன்று நாள் இருவரும் ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலாவது நாள் நான் கால் இழுத்துக்கொண்டே "வஹ்த், வஹ்த்" என்று முனகிக்கொண்டிருக்கிறேன். அந்த "ஹ்" தொண்டையின் அடியிலிருந்து காறிக்கொண்டு வர வேண்டும். சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்பக் காறுகிறேன்.

"ஏம்மா, தொண்டையில கருக்கா நெல்லு மாட்டிக்கிச்சா?" என்று குரல் வந்தது.

திரும்பினேன். அஞ்சலை அக்கா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இல்லக்கா. பாடம் படிக்கிறேன்."

"பாடமா? கோழி வெரட்டுற மாதிரில்ல இருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்த பிறகு மறுபடி முறைத்துக்கொள்வது கஷ்டம். தண்ணீரை வாங்கிக் குடித்தேன். என்ன பாடம், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். காத்திருக்கிறேன், காத்திருக்கிறாய், காத்திருக்கிறான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன்.

"காத்துக் கெடக்குறதுக்கு ஒரு பாஷை வேற படிக்கணுமா?" என்றார். "நாம சும்மாவேதான காத்துக் கெடக்கோம்!"

அன்றையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து சால் போட்டோம். என் களத்தில் ஆறு சால், அவர் களத்தில் ஆறு சால். ஒருமையை நான் சொல்வேன். பன்மையை அவர் எடுத்துக்கொண்டார். "வஹ்தன்" அவருக்கு என்னைவிடச் சுத்தமாக வந்தது, பாடம் சொல்கிற பெண் போனில் கேட்டுவிட்டு "யாரு அது, உங்களைவிட நல்லா சொல்றாங்களே?" என்றாள். அக்காவுக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை. நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் "ஸெய் வஹ்தன்", அவர்கள் காத்திருக்கிறார்கள், என்று அக்கா களம் கேட்கக் கத்துவார். வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. காத்திருந்தது நாங்கள் அல்லவா?

வாய்க்கால் விஷயத்தை இரண்டு பேரும் எடுக்கவில்லை. எடுத்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளினேன்.

யாரிடம் விட்டுப் போவது

மும்பைக்குப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள், நடுவில் தேர்வுக்கு ஒரு நாள். ஐந்து நாள் நெல்லை யார் பார்ப்பது? தம்பி அறுவடை மெஷினோடு மன்னார்குடிப் பக்கம் போயிருந்தான். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. தேதியை விட்டால் இன்னொரு தேதி எப்போது வரும் என்று தெரியாது. வீட்டுக்காரர் இந்த முறை போகாவிட்டால் அப்புறம் நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லியிருந்தார். என்ன அர்த்தத்தில் சொன்னாரோ, எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நான் பேக்கை வைத்துக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்காவே கேட்டார்.

"என்ன, போகலியா?"

"நெல்லு கெடக்கேக்கா."

"நெல்லு எங்க ஓடிடும்? போயிட்டு வா. நான் இருக்கேன்."

"ஒங்களுக்கே ஒரு குவியல் இருக்கு. ரெண்டையும் எப்படி..."

"ரெண்டு குவியலுக்கும் நடுவுலதான ஒக்காந்திருக்கேன். போம்மா, ரயிலு நிக்காது."

போய்விட்டேன். ஒன்றைச் சொல்லாமல் போனேன். மழை வந்தால் நெல்லை மூடுகிற என் படுதா இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. மழைக்கான அறிகுறி இல்லை, சொல்லி ஏன் பயமுறுத்துவது என்று நினைத்தேன். உண்மை என்னவென்றால், சொன்னால் அவர் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்தேன்.

மும்பையில் அந்தப் பெண் குரல் இந்த முறை பழகிய குரலாக இருந்தது. படத்தில் ரயில் நிலையத்தில் ஒருத்தி நிற்கிறாள். யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று கேள்வி. நான் தாமதிக்கவில்லை, தலையாட்டவில்லை. கணவருக்காகக் காத்திருக்கிறாள் என்று வாய்விட்டுச் சொன்னேன். மேசைக்குக் கீழே என் கட்டைவிரல் தரையை இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சால்.

வெளியே வந்து காபி குடித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது. சந்தோஷப்படத்தான் பார்த்தேன். தூக்கம்தான் வந்தது.

மழை

கும்பகோணம் ஸ்டேஷனில் இறங்கும்போதே மண் வாசனை. பிளாட்பாரம் ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "முந்தாநாள் மதியம் புடிச்சு நேத்து காலையிலதாங்க விட்டுச்சு" என்றார். முந்தாநாள் மதியம் நான் படத்தில் இருந்தவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகாமல் பேக்கோடு களத்துக்கு ஓடினேன்.

என் குவியல் அப்படியே இருந்தது. அதன் மேல் என் கிழிந்த படுதா. அதன் மேல் இன்னொரு படுதா, நீல நிறம், கிழிசல் இல்லாதது. சுற்றிலும் செங்கல் வைத்து, கயிறு போட்டு, பிரசவித்தவளுக்குப் போர்த்துகிற மாதிரிப் போர்த்தியிருந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சலசலவென்று காய்ந்த நெல்.

அந்த நீலப் படுதா அஞ்சலை அக்காவுடையது.

அக்காவின் குவியல் மண் தரையில் திறந்து கிடந்தது. மேலே இரண்டு பழைய சாக்கு. அடியில் சேறு. நெல் கறுத்து, கிட்டே போனால் சூடு அடித்தது, புளித்த வாசனை. ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அக்கா அதன் நடுவில் நின்று வெறும் கையால் வாரி வாரி ஆற விட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? நல்லா எழுதினியா?" என்றார், நிமிராமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே ஆத்திரமும் வந்தது.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? ஒங்க நெல்ல மூடாம என் நெல்ல மூடியிருக்கீங்க! யாராவது செய்வாங்களா?"

"ஒன் படுதாவுல ரெண்டு ஓட்டை. மழ வந்தப்பதான் பாத்தேன். இருந்தது ஒரு நல்ல படுதா."

"அத ஒங்களுதுக்குப் போட வேண்டியதுதான?"

அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. களைத்துப் போயிருந்தார்.

"என் நெல்லு நனைஞ்சா எனக்கு நஷ்டம். நம்பி விட்டுட்டுப் போன நெல்லு நனைஞ்சா எனக்குப் பேச்சு. நெல்லக் காய வச்சுக்கலாம். பேச்ச எங்கம்மா கொண்டு போய்க் காய வைக்கிறது?"

நாலு வருஷம் கழித்து வாய்க்கால் கரைப் பேச்சு இப்படித் திரும்பி வந்தது. அதைக் குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அன்னைக்கு நான் பேசுனது தப்புக்கா" என்றேன். "இப்ப அதுக்கு நேரமா? எந்திரி, புடவையெல்லாம் சேறு" என்றார்.

என் முறை

மறுநாள் காலை சாக்கும் வந்தது, லாரியும் வந்தது. முதலில் கூப்பிட்ட டோக்கன்களில் என்னுடையதும் ஒன்று. பதின்மூன்றாவது நாள். என் நெல் காய்ந்து தயாராக இருந்தது. மதியத்துக்குள் எடை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்து, படுத்துத் தூங்கலாம்.

ஆனால் அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நெல் போட்டவர் களத்தைக் காலி செய்ய வேண்டும். காலியான சிமெண்டு இடம் டிராக்டரோடு வெளியே நிற்கிற அடுத்த ஆளுக்கு. ஈர நெல்லை வைத்திருக்கிற அஞ்சலை அக்காவுக்கு அதில் பாத்தியதை இல்லை. அந்தச் சேற்றில் அது காயாது. இன்னும் இரண்டு நாளில் முழுக்க முளைத்துவிடும்.

பட்டியல் எழுதுகிறவரிடம் போனேன். "சார், அடுத்த டோக்கனைக் கூப்பிடுங்க."

"ஏம்மா, ஒங்க நெல்லு காஞ்சிடுச்சே?"

"இப்பப் போடல."

"முறைய விட்டா கடைசிக்குப் போயிடுவீங்க, பாத்துக்கங்க."

"போறேன் சார்."

ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் நின்று நின்று இந்த அம்மாளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். என் குவியலை ஒரு மூலைக்குத் தள்ளிக் கூட்டினேன். பாக்கிச் சிமெண்டு இடமெல்லாம் காலி. கூடையை எடுத்துக்கொண்டு அக்காவின் நெல்லை வாரினேன்.

"ஏய், என்ன பண்ற? ஒனக்கென்ன கிறுக்கா?" என்று கையைப் பிடித்தார்.

"விடுங்கக்கா. கிறுக்குதான்."

"ஒன் வீட்டுக்காரரு என்ன சொல்லுவாரு?"

"பதினோரு வருஷமா அவரு சொன்னத நான் கேட்டாச்சு."

முறைத்தார். பிறகு அவரும் ஒரு கூடையை எடுத்தார். மதியம் வரைக்கும் இரண்டு பேரும் வாரிக் கொட்டினோம். முளை விட்டதை ஓரமாக ஒதுக்கினோம். அது மாட்டுக்கு. மற்றதை மெல்லிசாகப் பரப்பினோம். என் முழங்கால் கழன்றுவிடும் போல வலித்தது.

போன்

மூன்றாவது நாள் மதியம். வெயில் நன்றாக விழுந்திருந்தது. நெல் பாதிக்கு மேல் காய்ந்து, அந்தப் புளித்த வாசனை குறைந்திருந்தது. இன்னும் மூன்று நாள், அல்லது நாலு நாள் வேண்டும். போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"கல்யாணச் சான்றிதழ்ல முத்திரை வாங்கணும்னு சொன்னேன்ல? சென்னையில ஆள் பேசிட்டேன். வியாழக்கிழமை காலையில நீ அங்க நிக்கணும்."

"இந்த வியாழக்கிழமை முடியாதுங்க. நெல்லு காயல."

"காஞ்சிடுச்சுன்னு போன வாரமே சொன்ன?"

"அது என் நெல்லு. இது அஞ்சலை அக்கா நெல்லு."

வெடித்தார். "யாரு, அந்த மடைய அடைச்ச அம்மாவா? அவங்க நெல்லுக்கு நீ எதுக்கு ஒக்காந்திருக்க? யாருகிட்டயாவது விட்டுட்டுக் கெளம்பு!"

"அவங்ககிட்ட விட்டுட்டுப் போனதாலதான் அவங்க நெல்லு இப்படி ஆச்சு."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நானும் மனுசன்தான? இன்னும் எத்தனை நாள்தான் நான் காத்துக்கிட்டே இருக்கிறது?"

களத்தில் வெயில் கொதிக்கிறது. அக்கா நாலாவது சாலில் போய்க்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்து, உள்ளே போய், அடியில் உட்கார்ந்தது. நான் பதினோரு வருஷமாகக் கேட்காத கேள்வி அது. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றாத கேள்வி. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அந்த ஊரில் தனியாக ஓர் அறையில், அடுப்புச் சூடு பட்ட கையோடு, இவரும் ஒருத்திக்காக உட்கார்ந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. பாவமாகவும் இருந்தது, அலுப்பாகவும் இருந்தது. அலுப்புதான் கூட.

"ஏவன் வஹ்தன்" என்றேன்.

"என்ன?"

உச்சரிப்பு சுத்தமாக வந்திருந்தது. திரும்பச் சொல்லவில்லை. போனை அணைக்கவும் இல்லை. ஒரு சாக்கை மடித்து அதன் மேல் நிழலாக வைத்தேன். நெல்லில் இறங்கினேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "யாரு, அவரா? என்ன சொன்ன?"

"கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நெல்லு காயுற வரைக்கும்."

அக்கா ஐந்தாவது சாலுக்குத் திரும்பினார். நான் முதல் சாலில் கட்டைவிரலை அழுத்தினேன். வாயால் எதுவும் சொல்லவில்லை. நெல் சரசரவென்று புரளுகிற சத்தம் மட்டும். ஒரு சால். இரண்டு. மூன்றாவதில் முழங்கால் பிடித்துக்கொண்டது, நின்று நீவிவிட்டுப் போனேன். நாலு. ஐந்து. ஆறாவது சாலின் கோடியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, மெதுவாகத்தான் வந்தேன்.

போனை எடுத்துக் காதில் வைத்தேன். அவர் இன்னும் வைக்கவில்லை.